நத்தமேட்டில் இருந்தவர்கள்

(சாணார்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் பதிவாயின. அவற்றில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஓர் ஆள்கூடக் குடியில்லை. ஊருக்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, சர்வே எண் உண்டு. வீடு மட்டும் இல்லை. இவை எல்லாமே பாழான ஊர்கள் என்று சொல்லிவிட முடியாது. சில காட்டு நிலம். சில, பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து உழுதுவிட்டுப் போகும் நிலம். ஆனாலும் ஒரு காலத்தில் அடுப்பெரிந்து, பிள்ளைகள் ஓடி விளையாடிய ஊர்கள் அவற்றில் நிறைய இருக்கின்றன.

அந்த ஊர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஓர் ஊர் எப்படிப் பாழாகிறது, பாழான ஊரில் எது மிஞ்சுகிறது, மிஞ்சியதைக் கொண்டு அங்கே இருந்தவர்களைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும் என்பதுதான் பேச்சு. இதைச் சாணார்பட்டியில் நின்று பேசுவது பொருத்தம். சிறுமலை அடிவாரத்துச் செவலை மண்ணில் ஏர் ஓட்டும்போது பானை ஓடு புரண்டு வருவதைப் பார்க்காத விவசாயி இந்த அவையில் இருக்க மாட்டார். அந்த ஓடு வந்த இடத்தில் யாரோ சமைத்திருக்கிறார்கள். அவர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

மண்சுவர் வீட்டை விட்டு ஆள் போய்விட்டால் நடப்பது நமக்குத் தெரியும். முதலில் கூரை மக்கும். கூரை போன சுவர் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரைந்து உட்காரும். சுவர் மண்ணோடு அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம், குப்பை, உடைந்த சட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மேடாகும். பக்கத்து நிலம் சிவப்பாக இருக்கும். இந்த மேட்டு மண் மட்டும் சாம்பல் நிறத்தில், காலுக்கு மெத்தென்று இருக்கும். பல ஊர்களில் இதை நத்தமேடு என்பார்கள். நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் ஓடுகள் கழுவினாற்போல மேலே கிடக்கும். பிள்ளைகள் விளையாட ஓட்டை உருட்டித் தேய்த்த வட்டச்சில்லு, நூல் நூற்ற தக்களியின் சுடுமண் வட்டு, சங்கு வளையல் துண்டு, இரும்பு உருக்கிய சிட்டம், தேய்ந்துபோன அம்மியின் பாதி. இவ்வளவுதான் மிச்சம். இது குறைவில்லை என்பதற்கு ஒரு வெளிநாட்டு ஊரைக் காட்டுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் பகுதியில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்சி என்று ஓர் இடம். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியர் 1948-இல் அங்கே வந்தபோது ஒரு பழைய தேவாலயம், ஒரு பண்ணை வீடு, மற்றபடி ஆடு மேயும் புல்வெளி. ஆனால் புல்லுக்கு அடியில் வரிசை வரிசையாகத் திட்டும் பள்ளமும் தெரிந்தன. வீட்டு மனைகளின் வரம்பும் தெருவின் தடமும் அவை. 1950-இல் சிறிதாகத் தோண்டத் தொடங்கினார். ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளர் 1952-இல் வந்து சேர்ந்தார். அதன்பின் 1990 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் சில வாரம் அங்கே தோண்டினார்கள். மண்ணள்ளியவர்களில் பெரும்பாலோர் விடுமுறையில் வந்த மாணவர்களும் ஆர்வலர்களும்.

அங்கே அரண்மனை இல்லை, புதையல் இல்லை. அது சாதாரணக் குடியானவர்களின் ஊர். அந்த மாதிரி ஊரை எதற்குத் தோண்ட வேண்டும் என்ற கேள்வி அன்று அங்கேயும் இருந்தது. பெரஸ்ஃபோர்டும் ஹர்ஸ்டும் அந்தக் குடியானவர்களுக்காகவே தோண்டினார்கள். அரசர்களின் கதை ஏட்டில் இருந்தது. உழுதவனின் கதை இருந்த இடம் அந்த மண் ஒன்றுதான்.

என்ன கிடைத்தது? ஒரு கோடியில் ஆளும் மறு கோடியில் மாடும் ஒரே கூரையின் கீழ் இருந்த நீண்ட வீடுகளின் அடித்தளங்கள் கிடைத்தன. அடித்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து, ஏழைகளின் வீடு ஒரு தலைமுறைகூடத் தாங்காத குடிசை, அடிக்கடி இடிந்து அடிக்கடி கட்டப்பட்டது என்று முதலில் எழுதினார்கள். 1980-களில் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே பதிவுகளை மறுபடி ஆராய்ந்தார். பாரத்தைத் தாங்கியது சுவர் இல்லை, வளைந்த பெரிய மரச்சட்டங்கள். சுவரை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டார்கள். வீடு பல தலைமுறை நின்றிருக்கும் என்று காட்டினார். குடியானவனின் ஏழ்மையைப் பற்றி வைத்திருந்த எண்ணமே இதனால் மாறியது. ஒவ்வொரு கல்லையும் இருந்த இடத்தோடு வரைந்து வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர் முன்னவரின் முடிவைத் திருத்த முடிந்தது. இதை இங்கிருக்கும் வரலாற்று மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

தேவாலயத்தின் அடித்தளமும் பேசியது. மக்கள் பெருகிய நூற்றாண்டுகளில் அதன் பக்கங்கள் விரிந்தன. மக்கள் குறைந்தபோது அந்தப் பக்கங்களை இடித்துச் சுவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதன் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஏறக்குறைய எழுநூறு பேரின் எலும்புகள் ஆராயப்பட்டன. தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது வரை பால் கொடுத்தார்கள் என்பதை எலும்பில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளைவிட உயரம் குறைந்திருந்ததும் தெரிந்தது. இதெல்லாம் எந்த அரசனின் ஆவணத்திலும் எழுதப்படாத செய்தி. கத்தி வெட்டும் தீயின் கருக்கலும் பட்ட சில எலும்புகளும் இருந்தன. இறந்தவர் எழுந்து வந்து ஊரைத் தொந்தரவு செய்வார் என்ற பயத்தில் பிணத்துக்குச் செய்த சடங்காக இருக்கலாம் என்று 2017-இல் ஆய்வாளர்கள் கருத்துச் சொன்னார்கள். பேய் பயம் அவர்களுக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது. அங்கே ஆய்வாளர்கள் அதை எலும்பில் படித்தார்கள்.

ஊர் ஏன் அழிந்தது என்பது அடுத்த கேள்வி. 1348, 1349 ஆண்டுகளில் வந்த கொள்ளைநோயில் இங்கிலாந்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்தார்கள். அதில்தான் ஊரே போனது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் வாரம் பெர்சி அந்த நோயைத் தாண்டிவிட்டது. இளைத்துப்போன ஊர் இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. கடைசியில் 1500-ஐ ஒட்டி, கம்பளி விலை ஏறிய காலத்தில், எஞ்சியிருந்த சில குடும்பங்களை நிலப்பிரபு வெளியேற்றி வீடுகளை இடித்து ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார். இங்கிலாந்தில் இப்படி ஆளற்றுப்போன இடைக்கால ஊர்கள் ஏறத்தாழ மூவாயிரம் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஓர் ஊர் ஒரே அடியில் சாவது அபூர்வம். முதல் அடி தள்ளாட வைக்கும். வேறொன்று வந்து முடிக்கும்.

ஆடு அங்கே ஊரை விழுங்கியது. நம் திண்டுக்கல் சமவெளியில் நடந்தது நேர்மாறு. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசிய கால்நடைக் குடிகள் பலரும் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்ட அடைப்பைப் பட்டி என்பார்கள்; அந்த இடங்கள் நாளடைவில் குடியிருப்பாயின. கொசவபட்டி, கோம்பைப்பட்டி, ஆவிளிபட்டி, வேம்பார்பட்டி, கம்பிளியம்பட்டி என்று இந்த ஒன்றியத்தின் ஊர்களை எண்ணினாலே பட்டிகள் வரிசையாக வரும். எல்லாமே தொழுவத்தில் பிறந்த ஊர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை புதிய குடியிருப்புகள் எழுந்த ஒரு நிலத்தில், அவற்றுக்கு முன்னால் இருந்த ஊர்கள் எங்கே போயின என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். புது ஊர் பிறந்த கதையும் பழைய ஊர் மறைந்த கதையும் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல முடியாது.

நம் பழைய ஊர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது என்ன? பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் வென்ற அரசனைப் புகழும் பாட்டுகள். ஆனாலும் அவை தோற்றவனின் நாடு ஆளற்றுக் காடாகி, ஊர்மன்றம் வெறிச்சோடிக் கிடந்ததையும் விரித்துப் பாடுகின்றன. ஊர் பாழாவது எப்படி இருக்கும் என்பதை அந்தப் புலவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பல நூற்றாண்டுக்குப் பின் வந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வேறு விதம். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களை முதலாம் இராஜராஜன் கல்லில் பட்டியலிட்டான். ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி இல்லாத நிலம் இவ்வளவு என்று வேலியின் மிக நுண்ணிய பின்னம் வரை கணக்கு. அந்த வரியில்லா நிலத்தின் பட்டியலில்தான் ஊரின் உருவமே இருக்கிறது. குடியிருப்பான ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், களம், கன்று மேயும் பாழ், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறையர்க்குத் தனிச் சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறது. வாழும்போது தனி இடம், எரிப்பதற்கும் தனி இடம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கல்லில் வெட்டும் அளவுக்கு உறுதிப்பட்டிருந்தது.

இந்தக் கல்வெட்டுகளை வைத்து அறிஞர்கள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த நொபொரு கராஷிமா, திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு சோழர்கால ஊர்களை ஒப்பிட்டு 1966-இல் எழுதினார். வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் பொதுவாகவும், பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆளிடமும் இருந்தது என்று காட்டினார். எ. சுப்பராயலு சோழநாட்டின் நாடுகளையும் ஊர்களையும் வரைபடத்தில் நிறுத்தினார். இவர்கள் உழைப்பு இல்லாமல் இன்று நாம் ஒன்றுமே பேச முடியாது.

ஆனால் கல்வெட்டுக்கு ஒரு கண்தான். அது நிலத்தைப் பார்க்கும். நிலம் வைத்திருந்தவனைப் பார்க்கும். சேரியில் இருந்தவர்களை ஓர் இடக்குறியாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். அங்கே எத்தனை வீடு, என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் எத்தனை வயது வரை பிழைத்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் முதுகெலும்பு எப்படித் தேய்ந்தது என்பதைக் கல் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது மண். ஓர் ஊரின் நத்தத்தையும் சேரியையும் சேர்த்துத் தோண்டினால், இரண்டு பக்கத்து அடுப்புகளிலும் கிடக்கும் எலும்பையும் தானியத்தையும் ஒப்பிட்டால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதியின் சாப்பாட்டுத் தட்டு நம் முன் வரும். தமிழ்நாட்டில் எந்த இடைக்கால ஊரிலும் வாரம் பெர்சியில் செய்ததுபோல நாற்பது ஆண்டு பொறுமையாக வீடு வீடாகத் தோண்டவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டினோம், அரண்மனை வந்தது. பெரியபட்டினத்தில் தோண்டினோம், சீனத்துப் பீங்கான் வந்தது. இரண்டும் அவசியமான வேலை. அரசனும் வணிகனும் கிடைத்துவிட்டார்கள். உழுதவர் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறார்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாழூர் உலகத்தின் கவனத்தை ஈர்த்திருக்கிறது. அது இடைக்காலத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தையது. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் என்ற ஊரை 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழ்ந்தார். ஊர் இருந்த மேட்டுக்குப் பாசிமேடு என்று பெயர். கண்ணாடி மணிகள் மண்ணோடு கிடந்ததால் மக்கள் வைத்த பெயர் அது. தோண்டியபோது ஆயிரக்கணக்கில் மணிகளும், மணி செய்த உலையும் கிடைத்தன. ஊருக்கு வெளியே இருந்த ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லின் காலம் கிறித்துவுக்கு முன் 490-ஐ ஒட்டியது என்று ஆய்வகம் சொன்னது. அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த தாங்கியும் இருந்தது. செத்தவருக்காக யாரோ வைத்துப்போன நெல், தமிழ் எழுத்தின் பழமையைச் சொல்லும் சான்றாகிவிட்டது.

நினைத்துப் பாருங்கள். பாசிமேடு என்ற பெயரை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மேட்டின் வரலாற்றுக்கு முதல் சாட்சி அவர்கள்தான். கீழடியில் மக்கள் வைத்த பயிரே மேட்டைக் காத்தது. பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பாக இருந்ததால் அங்கே ஆழ உழவும் இல்லை, வீட்டுமனையும் வரவில்லை. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட மேடு நமக்காகக் காத்திருந்தது. வேறு பயிர் வைத்திருந்தால் கீழடி என்ற சொல்லே நமக்குத் தெரிந்திருக்காது.

இனி, இங்கே ஊர்கள் ஏன் பாழாயின என்பதற்கு வருகிறேன். பஞ்சம் முதலில் நினைவுக்கு வரும். 1201-இல் திருப்பாம்புரத்தில் ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிய பஞ்சத்தில், ஒரு வேளாளர் தம் இரண்டு மகள்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. நிலம் வைத்திருக்கும் சாதிக்கே இந்த நிலை என்றால் கூலிக்காரர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். வரி அடுத்தது. 1429-இல் விருத்தாசலம், கொருக்கை, ஆடுதுறை வட்டாரங்களில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவினரும் ஒன்றுகூடி, இன்ன வரிதான் கொடுப்போம் என்று முடிவுசெய்து கல்லில் வெட்டினார்கள். அந்த ஒற்றுமை எல்லா ஊரிலும் வாய்க்கவில்லை. வாய்க்காத இடத்தில் குடியானவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்வது.

நோயைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. சென்னை அரசு ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூவரைக் கொண்ட குழுவை அனுப்பிக் காரணம் கேட்டது; அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. இங்கிலாந்தின் கொள்ளைநோயைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். நம் அடிவாரத்து ஊர்களைக் கலைத்த இந்தக் காய்ச்சல் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பேன். அதற்குப் பிறகு தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் இராமேசுவரம் பக்கம் நடந்து, கடல் தாண்டி, மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர் சிலர். திரும்பாதவர் வீட்டுச் சுவர் இங்கே கரைந்தது.

நம் காலத்தில் அரசே ஊரை எடுத்துக்கொண்டதும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோது காவிரிக் கரையின் ஊர்கள் நீருக்கு அடியில் போயின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மக்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள். பவானிசாகருக்குள் டணாய்க்கன் கோட்டை கிடக்கிறது. அரசு மட்டும் இல்லை, 1964 டிசம்பர் புயலும் தனுஷ்கோடியை ஒரே இரவில் முடித்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் மீனாட்சிபுரம் என்ற ஊர் குடிதண்ணீர் இல்லாமலே மெல்ல மெல்லக் காலியானது. கடைசியாக ஒரே ஒரு முதியவர் மட்டும் அங்கே இருந்தார். 2024-இல் அவரும் காலமானார். பாழூர் என்றால் பழங்கதை என்று நினைக்க வேண்டாம்.

காரணத்தை மக்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். தெற்குச் சீமையில் பல சமூகங்கள் ஒரே கதையைச் சொல்கின்றன. அரசன் தங்கள் பெண்ணைக் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ஒரே இரவில் ஊரையே விட்டுக் கிளம்பினார்கள், ஆறு குறுக்கிட்டது, கரையில் நின்ற மரம் வளைந்து பாலமாகி அவர்களைக் கடத்திவிட்டது. கம்பளத்தார் சொல்லும் கதை இது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்த நகரத்தார் கதையிலும் அரசனின் கொடுமைதான் காரணம். ராஜஸ்தானத்தில் ஜெய்சால்மருக்குப் பக்கத்தில் குல்தாரா என்ற ஊரில் பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் மறைந்ததாகவும், திவான் ஒரு பெண்மேல் கண் வைத்ததே காரணம் என்றும் இன்றும் சொல்கிறார்கள். ஆராய்ந்தவர்களோ தண்ணீர் வற்றியதையும், நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் பேசுகிறார்கள். கதை பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதிகாரம் வீட்டுக்குள் கை நீட்டியது, மானத்தோடு இருக்க முடியவில்லை, போனோம் என்பதுதான் அதன் சாரம். வரிக்கும் பஞ்சத்துக்கும் கணக்கு உண்டு; அவமானத்துக்கு இந்தக் கதைதான் ஆவணம். எந்த ஆண்டு, எந்த அரசன் என்று அதனிடம் கேட்கக் கூடாது. எந்தத் திசையிலிருந்து வந்தோம், வழியில் எங்கே தங்கினோம் என்று கேட்டால் அது சொல்லும்.

அந்தத் திசையைக் காட்ட நம்மிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது. குலதெய்வம். ஊரை விட்டுப் போகிறவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் சாமியை வைப்பார்கள். அப்படி வைத்தாலும் மாசி மாதம் சிவராத்திரிக்கு மூலக் கோயிலைத் தேடி வருவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சுற்றிலும் காடு, பக்கத்தில் வீடே கிடையாது, நடுவில் ஒரு பீடமும் வேலும். ஆண்டு முழுவதும் ஆளில்லாத அந்த இடத்துக்கு ஒரு நாள் மட்டும் திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன்கள் வந்து நிற்கும். இத்தனை குடும்பம் தேடி வரும் இடத்தில் ஒரு வீடுகூட இல்லையே, ஏன்? கோயிலைச் சுற்றி ஊர் இருந்திருக்க வேண்டும். வாரம் பெர்சியிலும் இது நடந்தது. ஊர் அழிந்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் பக்கத்துக் குக்கிராமத்து மக்கள் அந்தத் தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்; 1949 வரை அங்கே வழிபாடு நடந்தது. ஊர் போனாலும் சாமி இடத்தை விடுவதில்லை. பாழூரைத் தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டி கிடையாது. இங்கிலாந்துக்காரர்களுக்கு வானத்திலிருந்து எடுத்த புகைப்படம் உதவியது. நமக்குச் சிவராத்திரி உதவும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சாணார்பட்டி ஒன்றியத்தின் நத்தமேடுகளை இந்த ஒன்றியத்து மக்களே கண்டுபிடித்து எழுதி வைக்க வேண்டும். தோண்ட வேண்டாம். தோண்டுவது தெரிந்தவர் வேலை. தப்பாகத் தோண்டிய குழியை யாராலும் திரும்பப் படிக்க முடியாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டமும் நடப்பில் இருக்கின்றன. மண்ணுக்குள் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் சொல்ல வேண்டும்.

தேடுவதற்குக் காலும் கண்ணும் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில், வீடே இல்லாத இடத்தில் நத்தம் என்று குறித்த சர்வே எண் இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். ஊரே இல்லாத இடத்தில் குளம் இருந்தால் அதை வெட்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். காட்டு நடுவில் நடுகல் நின்றால் சுற்றி நடந்து பாருங்கள். ஓட்டைப் பார்த்தால் கையில் எடுத்துப் படம் பிடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இடம் மாறிய ஓடு ஒன்றும் சொல்லாது.

இதில் அவசரம் உண்டு. சாம்பலும் சாணமும் கலந்த பழைய ஊர்மண் வயலுக்கு நல்ல எரு; நம் முன்னோர் வண்டியில் அள்ளிப் போட்டார்கள். மாட்டு வண்டி பத்து ஆண்டில் அள்ளியதை ஜேசிபி ஒரு காலையில் அள்ளிவிடுகிறது. மாந்தோப்புக்கு நிலம் சமப்படுத்தும்போதும், சாலையை அகலப்படுத்தும்போதும், மனைக்கட்டு போடும்போதும் முதலில் இடிபடுவது மேடுதான். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மேடு வரலாறு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சமப்படுத்துவதற்கு முன் ஒரு நாள் பொறுத்து, உள்ளூர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினால்கூடப் போதும். ஒரு படம், ஓர் அளவு, என்னென்ன ஓடு கிடந்தது என்ற குறிப்பு, இவ்வளவாவது மிஞ்சும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடித்துக்கொள்கிறேன். வரும் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். வந்திருக்கும் பெரியவர்களில் மிகவும் வயதானவர் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டிகளிடம் கட்டாயம் கேளுங்கள். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்று இரண்டு ஊரின் கதை அவர்களிடம் இருக்கும். நம் ஆட்கள் இங்கே எந்தப் பக்கம் குடியிருந்தார்கள், தண்ணீர் எங்கே எடுத்தார்கள், செத்தவர்களை எங்கே கொண்டுபோனார்கள், கூட இருந்த மற்றச் சாதிக்காரர்கள் யார், எதற்காகக் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் கோயிலைச் சுற்றி ஒரு வரைபடம் போட்டு, மேடு, கிணறு, குளம், பானை ஓடு கிடக்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். தேதி போட்டு, சொன்னவர் ஊரையும் எழுதி, ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். இன்னொரு படியை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.